மூன்று நைட்டிகளும் ஒரு போர்வையும்

1

என் மகளுக்கு ஒரு போர்வை வேண்டுமாம். கனடாவுக்கு வந்து இருபது வருடமாகிறது. தலைக்கு நான்கு வீதம் போர்வைகள் அலமாரிக் கதவை மூடவிடாமல் பிதுங்கிக்கொண்டிருக்கின்றன. அவை ஒன்றும் உதவாதாம். அம்மா தன் கையால் தைத்ததாக இருக்க வேண்டுமாம்.

மகளின் பெயர் மலர்விழி. பள்ளியில் சேர்த்த முதல் வாரமே அதை ‘மெல்’ என்று நறுக்கிவிட்டார்கள். செப்டம்பரில் மெல் வேறு மாகாணத்துக்குப் படிக்கப் போகிறாள். விமானத்தில் மூன்று மணி நேரம். அப்படி வீட்டை விட்டுப் போகிற பிள்ளைக்கு ஒரு குயில்ட் தைத்துக் கொடுப்பது அவளுடைய தோழிகளின் வீடுகளில் வழக்கமாம். மூன்று தோழிகளுக்கும் தயாராகிவிட்டதாம்.

பதினெட்டு வருடம் நான் ஊட்டிய தமிழில் ‘சோறு’, ‘போதும்’, ‘சித்தி’ என்ற மூன்று சொற்கள்தான் இன்று அவளிடம் மிச்சம். அதிலும் சித்தி ‘சிட்டி’ ஆகிவிட்டது. அப்படிப்பட்டவள் அம்மா கையால் ஒன்று வேண்டும் என்று கேட்டதும் நெஞ்சு நெகிழ்ந்தது என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் தப்பிக்க வழி தேடினேன். எனக்குச் சட்டைப் பொத்தான்கூடத் தைக்க வராது.

குயில்ட் என்றால் என்னவென்று, ஊரிலிருந்து என் பத்தியைப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நல்ல புதுத் துணியாகப் பார்த்து வாங்க வேண்டும். அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்ட வேண்டும். பிறகு மாதக்கணக்கில் உட்கார்ந்து அந்தத் துண்டுகளைச் சேர்த்து மறுபடியும் ஒரே துணியாகத் தைக்க வேண்டும். நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி. முடிந்தது போர்வை. வேலை இல்லாதவர்கள் கண்டுபிடித்தது என்று நினைக்காதீர்கள். நல்ல வேலையில் இருப்பவர்கள், லீவு போட்டுவிட்டு, வீட்டில் இதற்கென்றே ஓர் அறை ஒதுக்கிச் செய்கிறார்கள்.

“உங்க ஊரே துணி ஊர்தானே, உனக்கென்ன கஷ்டம்?” என்று வழக்கம்போல ஆங்கிலத்தில் கேட்டாள் மகள்.

சோமனூரில் தெருவுக்குத் தெரு தறி ஓடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தறிகளில் நெய்வது காடா. சாயமும் பூவும் காணாத, வெளுக்காத முரட்டுத் துணி. மைல் கணக்கில் அதை நெய்து லாரியில் ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவோம். அதில் எதையாவது தைக்க வேண்டும் என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. என் அப்பா ஆரோக்கியசாமி அப்படி ஒரு கொட்டகையில் முப்பது வருடம் தறி ஓட்டினார். அவர் பெயர் என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக ஏறிக்கொண்டது. நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில், வரவேற்பு மேசைமேல் ‘மிஸஸ் ஆரோக்கியசாமி’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். பத்து வருடமாக நான் என் அப்பாவின் மனைவியாக உத்தியோகம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திருத்தக் கேட்டால் மூன்று பக்கப் படிவம் தருகிறார்கள். அதிலும் முதல் கேள்வி குடும்பப் பெயர் என்ன என்பதுதான்.

2

எங்கள் சர்ச் கூடத்தில் சனிக்கிழமை காலைகளில் குயில்ட் வகுப்பு நடக்கிறது. நடத்துபவர் டோரதி. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்; இன்னமும் வகுப்பில் யாராவது எழுந்து நின்றால் உட்காரச் சொல்லி அதட்டுவார். எனக்கு என்ன தெரியும் என்று கேட்டார். ஒன்றும் தெரியாது என்றேன். “அப்படியென்றால் ஒரே துணியில் செய்துவிடு. நிறப் பொருத்தம் பார்க்கும் தொல்லை இல்லை” என்று கலைடாஸ்கோப் குயில்ட் என்ற வகையைக் காட்டினார்.

அச்சடித்த துணியில் ஒரே டிசைன் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வரும் இல்லையா? அப்படி ஆறு சுற்றுகளைத் தனித்தனியாக வெட்டிக்கொள்ள வேண்டும். பூவின்மேல் பூ, இலையின்மேல் இலை என்று இம்மி பிசகாமல் ஆறையும் அடுக்கி, குண்டூசி குத்தி, அடுக்கோடு சேர்த்து முக்கோணமாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் அச்சு அசலாக ஆறு முக்கோணம் கிடைக்கும். ஆறின் முனைகளையும் ஒரு புள்ளியில் சேர்த்தால், அவிநாசித் தேர்க்கடையில் விற்பார்களே, வளையல் துண்டு போட்ட குழாய், அதற்குள் எட்டிப் பார்த்ததுபோல ஒரு பூ விரிகிறது. மூலத் துணியில் அப்படி ஒரு பூவே இருக்காது. ஓர் இலையின் ஓரமும் காம்பின் நுனியும் ஆறு முறை சேர்ந்து அதைச் செய்கின்றன. டோரதி தான் செய்த ஒரு போர்வையையும் அதன் மூலத் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். மூலத் துணியை நம் ஊர் லாட்ஜ்காரர்கள்கூட ஜன்னலில் மாட்ட யோசிப்பார்கள். போர்வையிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஒரே துணி என்றதும் சிரிப்பும் வந்தது. அந்தக் கலையில் எங்கள் வீடு எப்போதோ தேறிவிட்டது. வருடம் முழுக்கக் காடாவைப் பார்த்துக் கண் பூத்துப்போன அப்பா, கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயமுத்தூர் பெரிய கடை வீதிக்குப் போய், இருப்பதிலேயே அதிகமாகக் கத்துகிற பூத்துணி ஒன்றைப் பீஸாக வாங்கி வருவார். அதில் எனக்கும் தங்கை ஜெசிந்தாவுக்கும் பாவாடை சட்டை, அம்மாவுக்கு ரவிக்கை, மீதியில் தலையணை உறை, அதிலும் மீதியில் ஜன்னல் திரை. ஒரு வருடம் எடுத்த போட்டோவில் திரை எங்கே முடிகிறது, ஜெசி எங்கே ஆரம்பிக்கிறாள் என்றே சொல்ல முடியாது. அவள் கண்ணை வேறு மூடியிருந்தாள்.

3

துணிக்கு ஜெசியைத்தான் கேட்டேன். கனடாவில் துணிக்கடை இல்லையா என்று கேட்பீர்கள். தடுக்கி விழுந்தால் துணிக்கடைதான். ஆனால் அதில் வாங்கினால் மகளிடம் ‘இது எங்க ஊர்த்துணி’ என்று பெருமை அடிக்க முடியாதே.

ஜெசி சோமனூரிலேயே இருக்கிறாள். துணிக் கம்பெனியில் பழுது கண்டுபிடிக்கும் வேலை. விளக்கு மேசைமேல் ஓடுகிற காடாவில் எங்கே இழை அறுந்திருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை என்று பார்த்துச் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். அவள் கண்ணுக்குத் தப்பிய பழுது இல்லை என்று கம்பெனியில் பெயர்.

இந்த வருட ஆரம்பத்தில், மலரின் பள்ளி நிறைவு விழாவுக்கு வருவதற்காக அவள் விசா கேட்டிருந்தாள். அழைப்புக் கடிதம், வேலைச் சான்று, வீட்டுப் பத்திரம் எல்லாம் வைத்தோம். மறுத்துவிட்டார்கள். பயணம் முடிந்ததும் அவள் ஊர் திரும்புவாள் என்ற நம்பிக்கை அதிகாரிக்கு வரவில்லையாம். என் தங்கை யாரென்று அந்த அதிகாரிக்கு எப்படித் தெரியும்? வால்பாறையில் நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் போய், பூசை முடிந்ததும் பந்தியில்கூட உட்காராமல், எருமைக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று கொண்டை ஊசி வளைவெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே அன்றைக்கே பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தவள் அவள். அவள் இங்கே தங்கிவிடுவாளாம்!

போனில் கேட்டேன். “பெரிய பெரிய பூவா, ஒரே டிசைனா ஒம்பது மீட்டர் வேணும் ஜெசி. வெட்டாம ஒரே பீஸா அனுப்போணும்.”

“அத்தன எதுக்கக்கா? கல்யாண மண்டபத்துக்குத் திரை கட்டறயா?”

“மலருக்குப் போர்வை தைக்கப் போறேன்.”

சிரித்தாள். நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். “நீயா? ஊசில நூல் கோக்கறதுக்கே என்னியத்தானக்கா கூப்புடுவே!”

மூன்று வாரம் கழித்துப் பார்சல் வந்தது. ஒட்டியிருந்த சுங்கச் சீட்டில் ‘நைட் டிரஸ், இரண்டு, அன்பளிப்பு’ என்று எழுதியிருந்தது. பிரித்தேன். உள்ளே நைட்டி. இரண்டு. கத்தரிப்பூ நிறத் துணியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மாம்பழ நிறப் பூக்கள், வெள்ளரிக்காய் நீளத்துக்கு இலைகள். கழுத்தில் வெள்ளை லேஸ்.

வாட்ஸப்பில் அவள் குரல் காத்திருந்தது. “அக்கா, துணியா அனுப்புனா அங்க வரி கிரி போடுவாங்கன்னு தபாலாபீஸ்ல ஒருத்தரு சொன்னாரு. அதான் டெய்லர் அண்ணங்கிட்டக் குடுத்துத் தெச்சுப்போட்டேன். உனக்கொண்ணு, மலர்க் கண்ணுக்கு ஒண்ணு, எனக்கொண்ணு. மூணு பேருத்துக்கும் ஒரே துணி. போர்வையெல்லாம் உனக்கு ஆகற காரியமா? பாக்கெட்டு வெச்சிருக்குது பாரு.”

மகள் நைட்டியைத் தன்மேல் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். “பாக்கெட் நல்லா இருக்கு” என்றாள். அத்தோடு சரி.

4

நைட்டி என்ற சொல்லை வெளிநாட்டில் பார்த்துப் பேச வேண்டும். கொங்கு நாட்டில் அது பகல் உடை. மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் பால் வாங்கப் போகலாம், ரேஷன் கடை வரிசையில் நிற்கலாம், வீட்டுக்கு வந்த பங்குச் சாமியாருக்குக் காப்பி கொடுக்கலாம். இந்த ஊரில் அது படுக்கையறைச் சமாசாரம். நான் வகுப்பில் எழுந்து, “என் தங்கை எனக்கும் என் மகளுக்கும் நைட்டி அனுப்பியிருக்கிறாள். நாங்கள் மூவரும் ஒரே மாதிரி. அதை வெட்டித்தான் மகளுக்குப் போர்வை தைக்கப்போகிறேன்” என்றேன். கூடத்தில் ஒரு கத்தரிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. டோரதி என்னை உட்காரச் சொன்னார்.

அடுத்த வாரம் நைட்டியையே கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் மூச்சு விட்டார்கள். தையலைப் பிரித்தால் போதும் என்றார் டோரதி. சோமனூர் டெய்லர் அண்ணனின் இரட்டைத் தையலைப் பிரித்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். நான்கு நாள் பிரித்தேன். ஒரு நைட்டிக்கு முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று முழுச் சுற்று டிசைன் இரண்டு தேறியது. இரண்டு நைட்டிக்கு நான்கு. வேண்டியது ஆறு. மிச்சம் இரண்டும் சோமனூரில் இருந்தன.

சனிக்கிழமை காலை வகுப்புக்குக் கிளம்புமுன் ஜெசியை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். அந்த நைட்டியில்தான் இருந்தாள். பின்னால் எருமை ஒன்று அசை போட்டுக்கொண்டிருந்தது. நேரடியாகவே கேட்டேன்.

“ஜெசி, உன்ற நைட்டியும் வேணும். ரெண்டு பக்கம் கொறையுது.”

“என்ன கொறையுது?”

“போர்வைக்கு. மத்த ரெண்டையும் பிரிச்சு வெட்டப்போறேன்.”

அவள் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். “ஆசையாத் தெச்சு அனுப்புனதப் பிரிச்சுப்போட்டயா?”

“போர்வைக்குன்னு சொல்லித்தானே கேட்டேன்?”

“நான் நேர்ல வந்து குடுத்திருந்தா பிரிச்சிருப்பயா?”

“அதுக்குத்தான் அந்த விசாக்காரங்க உடலியே” என்று ஆரம்பித்தேன். இந்தத் தலைப்பில் எனக்கு மூச்சு விடாமல் பேச வரும். அதிகாரிகள், படிவங்கள், அவர்கள் சாய்த்துப் போடும் கையெழுத்து என்று போய்க்கொண்டிருந்தபோது அவள் குறுக்கிட்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

“எனக்கு வரவேண்டாம்னு அவங்க எழுதிக் குடுத்தாங்க. உனக்கு யாரு எழுதிக் குடுத்தாங்கக்கா?”

பிறகு எருமைக்குத் தண்ணீர் காட்டும் நேரம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு விமானம் ஏறியதுதான் நான் கடைசியாகச் சோமனூரைப் பார்த்தது. எட்டு வருடம். ஒரு வருடம் மகளுக்குப் பரீட்சை. ஒரு வருடம் வீட்டுக் கூரை ஒழுகியது. ஒரு வருடம் என் கணவர் சேவியருக்கு முதுகுவலி. குளிர்காலத்தில் போனால் இந்த வீட்டுத் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். கோடையில் போனால் அந்த வெயில் மகளுக்கு ஆகாது. அப்படி ஐந்து வருடத்துக்குக் கணக்குச் சொல்லிவிட்டேன். மீதி மூன்றுக்கு எவ்வளவு யோசித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை.

5

ஜெசி தினமும் காலையில் ரோஜாப்பூப் படத்தோடு ஒரு வேத வசனம் அனுப்புவாள். பார்க்காமலே அழித்துவிடுவது என் வழக்கம். அன்றிலிருந்து அது வரவில்லை. ஒரு வாரம் ஆனதும் போனை அணைத்து மறுபடியும் போட்டுப் பார்த்தேன். இன்னொரு வாரம் போனதும் பழையதில் ஏதாவது அழியாமல் இருக்கிறதா என்று தேடினேன். என் சுத்தத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஜூன் கடைசியில் ஒரு சின்னப் பார்சல் வந்தது. என் தங்கையை உள்ளே விடாத நாடு அவளுடைய நைட்டியை ஒரு கேள்வி கேட்காமல் விட்டிருந்தது. திரும்பிப் போவாயா என்று அதை யாரும் விசாரிக்கவில்லை.

உள்ளே இருந்ததை நைட்டி என்று சொல்ல முடியாது. தையல் முழுவதையும் அவளே பிரித்து, ஒரு நூல்கூட மிச்சமில்லாமல் எடுத்து, துவைத்து இஸ்திரி போட்டு, முன்பக்கம் பின்பக்கம் என்று இரண்டாக மடித்து வைத்திருந்தாள். இரண்டு இடத்தில் சாக்பீஸ் வட்டம். கூடவே கம்பெனிச் சீட்டு ஒன்றின் பின்புறம் நான்கு வரி:

“முன் பக்கம், எடது ஓரம், கீழிருந்து ஒரு சாண், மஞ்சக் கறை. பின் பக்கம், உக்கார்ற எடம், துணி இத்துப்போயிருக்குது. பாத்து வெட்டு.”

வேறு ஒரு வார்த்தை இல்லை.

ஆறையும் அடுக்கும்போதுதான் தெரிந்தது. அவளுடைய இரண்டும் வெளுத்திருந்தன. இரண்டு மாதம் உடுத்தி, சோப்புப் போட்டு அடித்து, சோமனூர் வெயிலில் காயப்போட்ட துணி. கத்தரிப்பூ நிறம் நாவல் பழக் கறைபோல மங்கிவிட்டது. டோரதி உதட்டைப் பிதுக்கினார். ஒவ்வொரு பூவிலும் இரண்டு இதழ் சோகை பிடித்ததுபோல இருக்கும், மற்ற நான்கையும் வெந்நீரில் ஊறவைத்துச் சாயத்தை இறக்கிவிடு என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அப்படியே வெட்டினேன். வெந்நீரால் ஆகிற காரியமா அது?

தைத்த கதையை விரிவாகச் சொல்லி உங்களைக் கஷ்டப்படுத்த மாட்டேன். ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது. வீட்டில் ஒரு மாதம் முட்டைதான் குழம்பு. பூக்களை எந்த வரிசையில் வைப்பது என்று தெரியாமல் ஒருநாள் நான் கூடத்துத் தரையில் மண்டியிட்டுக்கொண்டிருந்தபோது மகள் வந்தாள். போனைக் கீழே வைத்தாள். அதுவே ஒரு விசேஷம். மத்தியானம் முழுக்க இருவரும் தரையில் பூக்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தோம்.

“ஏம்மா எல்லாத்திலும் ரெண்டு மட்டும் வெளிறிப்போயிருக்கு?”

“அது உன் சித்தி போட்டுக்கிட்டிருந்த நைட்டி.”

“சிட்டி போட்டிருந்ததா? அதையா அனுப்பினாங்க?” என்றாள். பிறகு, “அவங்களே ஏன் வரலை?” என்றாள்.

விசா மறுத்த விஷயத்தைச் சொன்னேன். அவளுடைய விழாவுக்காகத்தான் கேட்டாள் என்றும் சொன்னேன். மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்கு ஏன் சொல்லலை?”

பிள்ளைகள் நம்மை விட்டு விலகிப் போகிறார்கள் என்று புலம்பி இதே பக்கங்களில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று வாசகர்களுக்குத் தெரியும்.  ஆனால் அவளுக்கு எங்கே புரியப்போகிறது என்று நானே முடிவு செய்து, சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

அவள் என் போனை எடுத்து ஜெசியைக் கூப்பிட்டாள். அங்கே விடியற்காலை. பால் கறந்துகொண்டிருந்திருப்பாள்.

“சிட்டி… நைட்டி… தேங்க்ஸ்” என்றாள் மகள்.

“மலர்க் கண்ணா? என்ற அம்மணியா பேசறது?” அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம். “சோறு உண்டயா கண்ணு?”

மகள் தன்னுடைய தமிழ் முழுவதையும் ஒன்று திரட்டினாள். “சோறு… போதும்.”

இரண்டு பேரும் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் காலை எனக்கு ரோஜாப்பூ வந்தது. வசனம் பொறுமையைப் பற்றியது. முழுசாகப் படித்தேன்.

6

ஆகஸ்டில் போர்வை முடிந்தது. எழுபத்திரண்டு பூ. சோகை பிடித்தது என்று டோரதி சொன்ன இதழ்கள் பூக்களைச் சுழலவிட்டன. பார்த்தால் எல்லாம் மெல்லத் திரும்புவதுபோல இருந்தது. டோரதியே வந்து தடவிப் பார்த்தார். வேண்டுமென்றே அப்படிச் செய்தாயா என்று கேட்டார். ஆமாம் என்று பொய் சொன்னேன்.

ஜெசிக்கு வீடியோவில் காட்டினோம். நானும் மகளும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு, கம்பெனி மேசையில் துணி ஓடுவதைப் பார்க்கிற அதே முகத்தோடு மேலிருந்து கீழே பார்த்தாள்.

“மூணாவது வரிசைல, கடைசிக்கு மிந்துனது. ஒரு துண்டு திரும்பிக் கெடக்குது.”

பார்த்தேன். திரும்பித்தான் கிடந்தது. மாதக்கணக்கில் தைத்த நானும் பார்க்கவில்லை, டோரதியும் பார்க்கவில்லை.

“பிரிச்சுத் தைக்கட்டுமா?”

“ஐயோ, மறுக்காப் பிரிக்கறயா? உட்டுப்போடு. நல்லாருக்குது” என்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அதைத் துடைத்து முடிக்க வெகு நேரமாயிற்று.

செப்டம்பரில் மகள் போய்விட்டாள். பெட்டியில் இடமில்லை என்று என்னுடைய ஊறுகாய் பாட்டில்களை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் போர்வையை உள்ளே திணித்தாள். போகிற அன்று, டிசம்பர் விடுமுறையில் சிட்டியைப் பார்க்கப் போகலாமா என்று கேட்டாள். என்னிடம் காரணங்கள் தீர்ந்துபோயிருந்ததால் சரி என்றேன்.

இப்போது சோமனூர் போக எனக்கு விசா வேண்டும். இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிய அன்று கேக் வெட்டியபோது அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கணினியில் படிவத்தைத் திறந்தேன். நான் பிறந்த ஊர், அப்பா பிறந்த ஊர், அம்மா பிறந்த ஊர், உடம்பில் உள்ள அடையாளம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனது. பிறகு இந்தியாவில் என்னை அறிந்த ஒருவரின் பெயரும் முகவரியும் வேண்டும் என்றது. ஜெசிந்தா என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில் கை நின்றது. அவள் வீடு மாறி ஐந்து வருடமாகிறது. கதவு எண் எனக்குத் தெரியாது; அழைப்புக் கடிதத்தில்கூட அவளையே நிரப்பிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். கூப்பிட்டேன்.

“ஜெசி, உன்ற ஊட்டு நெம்பர் என்ன?”

“எதுக்கு? இன்னும் என்னத்த வெட்டோணும்?”

“விசாவுக்கு எழுதறேன். இந்தியாவுல என்னியத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு வேணுமாம்.”

எருமையை ஓர் அதட்டுப் போட்டுவிட்டுப் போனுக்குத் திரும்பினாள்.

“கிறிஸ்மசுக்கா?”

“கிறிஸ்மசுக்குத்தான். மலரும் வாரா.”

கதவு எண்ணையும் தெருப் பெயரையும் சொன்னாள். எழுத்துக் கூட்டி இரண்டு தரம் சொன்னாள். வைக்கப்போன என்னை நிறுத்தினாள்.

“ஏக்கா, எனக்குப் போன் பண்ணி உன்னியத் தெரியுமான்னு கேப்பாங்களா?”

“கேட்டாலும் கேப்பாங்க. தெரியும்னு சொல்லு.”

“எட்டு வருசமாச்சே, எப்பிடிச் சொல்றது? நேர்ல பாத்தாத்தான் அடையாளஞ் சொல்ல முடியுமுங்க, மொதல்ல அனுப்பி வைங்கன்னு சொல்லிப்போடறேன்.”